செடித் தொட்டியில் பாசி: புதிய விளக்கு வாங்குவதற்கு முன்

கேள்வியின் சாரம் இது. சென்னையில் ஒரு வீட்டுக் கூடத்தில், மேற்குப் பார்த்த சன்னலுக்கு அருகே, இரண்டடி நீளமுள்ள மீன்தொட்டி நான்கு மாதங்களாக இருக்கிறது. நீளம் 60, அகலம் 30, உயரம் 36 சென்டிமீட்டர். உள்ளே அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கொஞ்சம் வாலிஸ்னேரியா, கடைக்காரர் சிபாரிசு செய்த சிவப்பு ரோட்டாலா ஆகிய செடிகளும் ஒரு டஜன் கப்பி மீன்களும். கடையில் கொடுத்த 24 வாட் எல்இடி விளக்கு தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. நாளுக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் எரிகிறது. கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள், அனுபியாஸ் இலை ஓரங்களில் கறுப்புத் தாடி போன்ற குஞ்சங்கள், வாலிஸ்னேரியாவுக்குள் பச்சை நூல்கள். செடிகள் வளர வேண்டும், பாசி வளரக் கூடாது; அதற்கு எந்த விளக்கை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பாசியைக் கொல்லும் மருந்து ஒரு புட்டி கையில் இருப்பதாகவும், அதை ஊற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கான பதில் ஏமாற்றமளிக்கும். செடியை மட்டும் வளர்த்துப் பாசியை வளர்க்காத விளக்கு எந்த விலையிலும் கிடையாது. இரண்டுக்கும் உணவு தயாரிக்கும் பொறி ஒன்றே. பாசியிலும் பச்சையம் இருக்கிறது. செடி பயன்படுத்தும் நீல, சிவப்பு ஒளியைத்தான் அதுவும் பயன்படுத்துகிறது. வேறுபாடு தேவையின் அளவில் இருக்கிறது. வேர், தண்டு, இலை என்று உடம்பைக் கட்ட வேண்டிய செடிக்கு ஒளியோடு கரியமில வாயு, நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம், இரும்பு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருத்தமான அளவில் வந்துகொண்டிருக்க வேண்டும். பாசிக்கு அந்தக் குடும்பச் சுமை இல்லை. கிடைத்ததைத் தின்று பிழைத்துக்கொள்ளும். ஆகவே செடியால் செலவழிக்க முடிந்த அளவுக்கு மேல் நீங்கள் கொட்டும் ஒளி முழுவதும் பாசியின் கணக்கில் போய்ச் சேருகிறது. உங்கள் தொட்டியில் நடந்திருப்பது இதுதான் என்பது, நீங்கள் கொடுத்த அளவுகளைக் கணக்குப் போட்டாலே தெரியும்.

விளக்கின் பெட்டியில் வாட், லூமன், கெல்வின் என்று மூன்று எண்கள் அச்சிட்டிருப்பார்கள். வாட் என்பது மின்சாரக் கட்டணத்துக்கான எண். செடிக்கு அதில் நேரடியாக ஒன்றும் இல்லை. ஒரு கேலனுக்கு இத்தனை வாட் என்ற பழைய விதி தடித்த ஃப்ளோரசன்ட் குழல் விளக்குகளின் காலத்தில் உண்டானது. எல்இடிக்கு அதைப் பொருத்தினால் தேவைக்கு மேல் பல மடங்கு ஒளியைத் தொட்டிக்குள் இறக்கிவிடுவோம். லூமன் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. நம் கண் 555 நானோமீட்டர் அளவிலுள்ள பச்சை ஒளியை மிகக் கூர்மையாக உணர்வதால், அந்தப் பக்கம் சாய்ந்த விளக்குக்கு லூமன் கூடுதலாகக் காட்டும். செடிக்கு உண்மையில் பொருள்படுவது, 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதே. அதைப் ‘பார்’ (PAR) என்கிறார்கள். உச்சி வெயிலில் அது 2000 அளவுக்கு இருக்கும். நம் தொட்டியின் தரையில் 15 முதல் 30 வரை கிடைத்தால் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகொரைன் போன்ற நிழல் செடிகளுக்குப் போதும். 30 முதல் 50 வரை நடுத்தரம். 50-ஐத் தாண்டினால், தனியாகக் கரியமில வாயு செலுத்தாமல் சமாளிப்பது கடினம்.

பார் அளக்கும் கருவி நம்மில் பெரும்பாலோரிடம் இருக்காது. அதற்கு இரண்டு குறுக்கு வழிகள் உண்டு. ஒன்று, லூமனை லிட்டரால் வகுப்பது. வெள்ளை எல்இடி விளக்குகளுக்கு மட்டும் பொருந்தும் இந்தத் தோராயக் கணக்கின்படி லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் குறைந்த ஒளி, 20 முதல் 40 நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். உங்கள் தொட்டியில் சரளையும் மேல் இடைவெளியும் போக ஏறத்தாழ 55 லிட்டர் தண்ணீர் நிற்கும். வாட்டுக்கு 100 லூமன் என்று வைத்தால் 24 வாட் விளக்கு 2400 லூமன் தருகிறது. அதாவது லிட்டருக்கு 44. கரியமில வாயு செலுத்தாத, பாதிக்கு மேல் நிழல் செடிகள் உள்ள ஒரு தொட்டிக்கு இது மிக அதிகம். அதைப் பத்து மணி நேரம் எரிக்கிறீர்கள். இரண்டாவது வழி, கைப்பேசியிலுள்ள லக்ஸ் அளவி. வெள்ளை எல்இடியின் கீழ் ஏறத்தாழ 70 லக்ஸ் ஒரு மைக்ரோமோலுக்குச் சமம் என்று கொள்ளலாம். தண்ணீர் இல்லாத தொட்டியின் தரையில் கைப்பேசியை மல்லாக்க வைத்து அளந்தால், மூலையில் எவ்வளவு, நடுவில் எவ்வளவு என்ற ஒப்பீட்டுக்காவது அது உதவும். கைப்பேசிக்குக் கைப்பேசி எண் மாறும் என்பதால் அந்த எண்ணையே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் ஒரு தொட்டியில் ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்துவது, மின்சாதனக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இரண்டடி எல்இடி பேட்டன். 10 வாட், 1000 லூமன், 6500 கெல்வின். 55 லிட்டருக்குக் கணக்கிட்டால் லிட்டருக்கு 18 லூமன். உங்களிடம் உள்ள செடிகளில் ரோட்டாலாவைத் தவிர மற்ற மூன்றும் இதில் நிம்மதியாக வாழும். மீன்தொட்டிக்கென்றே செய்த விளக்கில் கிடைக்கும் நிறத் தெளிவு இதில் இருக்காது. கப்பியின் வாலில் உள்ள சிவப்பு கொஞ்சம் வெளிறித் தெரியும். ஆனால் செடி வளர்வதற்கும் நிறம் மின்னுவதற்கும் தொடர்பில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பேட்டன் நீர்த்துளிக்கும் ஆவிக்கும் ஆனதல்ல. கண்ணாடி மூடிக்கு மேலே, தண்ணீர் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். மின்கம்பி சுவருக்குப் போவதற்கு முன் ஒரு முறை கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள். அப்போதுதான் கம்பி வழியே வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் தரையில் சொட்டும்.

ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் கெல்வின் எண்ணைப் பற்றித் தேவைக்கு மேல் பேசப்படுகிறது. 5000 முதல் 7000 வரை எதுவானாலும் நன்னீர்ச் செடிக்குப் போதும். 6500 என்பது நண்பகல் வெளிச்சத்தைப் போலக் கண்ணுக்கு இதமாக இருப்பதால் வழக்கமாகிவிட்டது. பவழத் தொட்டிகளுக்கான, நீலம் மிகுந்த 10,000-க்கு மேற்பட்ட விளக்குகளை வாங்க வேண்டாம். சிவப்பு விளக்கு பாசியை வரவழைக்கும், நீல விளக்கு தடுக்கும் என்று சொல்லும் நண்பர்களிடம் வாதிடவும் வேண்டாம். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை ஆகிய நான்கும் கலந்த விளக்கின் உண்மையான பயன் இரண்டு: சிவப்புச் செடியின் நிறம் எடுத்துக் காட்டப்படும், பெரும்பாலானவற்றில் ஒளியைக் குறைக்கும் வசதி இருக்கும். இந்த இரண்டாவதுதான் நான் பணம் கொடுக்கத் தயாராக இருக்கும் வசதி. ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் முடியாத சக்தி வாய்ந்த விளக்கைவிட, அவ்வாறு முடிகிற எளிய விளக்கு மேலானது. உங்கள் விளக்கில் அந்த வசதி இருந்தால் புதிதாக எதையும் வாங்காதீர்கள், பாதிக்குக் குறைத்துவிடுங்கள். இல்லையென்றால், இரண்டு மரச்சட்டங்களை வைத்து விளக்கைப் பதினைந்து சென்டிமீட்டர் உயர்த்தினாலே தரையில் விழும் ஒளி கண்கூடாகக் குறையும்.

இனி கரியமில வாயுவுக்கு வருகிறேன். கடைகளில் விளக்கு விற்கும்போது இதைச் சொல்வதே இல்லை. தண்ணீருக்குள் இந்த வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. வெளியிலிருந்து செலுத்தாத தொட்டியில் லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராமுக்கு மேல் நிற்பதில்லை. விளக்கு எரியத் தொடங்கியதும் அதையும் செடிகள் விரைவில் குடித்துவிடுகின்றன. அதன் பிறகு எரியும் ஒளியைச் செடியால் பயன்படுத்த முடியாது. வாகனத்தில் எண்ணெய் இல்லாமல் ஆக்சிலேட்டரை மட்டும் மிதிப்பது போன்றது அது. சிலிண்டர் வைத்து வாயு செலுத்துபவர்கள் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவில் நிறுத்துகிறார்கள். அதை அறிய, கார்பனேட் கடினம் 4 டிகிரி உள்ள நீரில் புரோமோதைமால் நீலம் என்னும் நிறம் மாறும் சாயம் கலந்த சிறு கண்ணாடிக் குமிழைத் தொட்டிக்குள் ஒட்டிவைப்பார்கள். நீலமாக இருந்தால் வாயு போதாது, இளம்பச்சை சரி, மஞ்சளானால் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கத் தொடங்கும்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது. அதில் பைகார்பனேட் தாராளமாகக் கரைந்திருக்கும். வாலிஸ்னேரியாவும் நம் குளங்களில் மண்டிக் கிடக்கும் வேலம்பாசி என்ற செடியும் கரியமில வாயு தீர்ந்த பிறகு அந்தப் பைகார்பனேட்டைப் பிடித்து அதிலிருந்து கரியை எடுத்துக்கொள்ள வல்லவை. ரோட்டாலா போன்றவற்றுக்கு அந்தத் திறமை இல்லாததால், அதே தொட்டியில் வாலிஸ்னேரியா ஓடிப் பரவ, ரோட்டாலாவின் கீழ் இலைகள் உதிர்ந்து தண்டு மொட்டையாகிறது. நீங்கள் நட்ட ரோட்டாலா இந்த நிலையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். செடிப் பண்ணைகளில் பல செடிகளை நீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்த்தே விற்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த இலைகள் நீருக்குள் வந்ததும் அழுகத் தொடங்கும். அழுகும் இலையிலிருந்து கசியும் அம்மோனியா பாசிக்கு முதல் விருந்து. புதுச் செடியின் பழைய இலைகள் பழுத்தால் கவலைப்படாமல் உடனே கிள்ளி எடுத்துவிடுங்கள்.

விளக்கு எரியும் நேரத்தை இன்றே ஆறு மணி நேரமாக்குங்கள். காலையில் யாரும் பார்க்காத நேரத்தில் எரிய வேண்டியதில்லை. மாலை நான்கு முதல் பத்து வரை வைத்தால் நீங்கள் வீட்டிலிருக்கும் நேரத்தோடு பொருந்தும். கையால் போட்டு அணைப்பதை நம்பாதீர்கள், டைமர் வாங்குங்கள். சுற்றும் முள் வைத்த டைமர் மின்வெட்டு வந்தால் நின்று, பிறகு அந்த அளவு தாமதமாக ஓடும். ஒரு மாதத்தில் மாலை நான்கு மணி என்பது இரவு ஏழாகியிருக்கும். ஆகவே உள்ளே மின்கலம் உள்ள எண்முறை டைமர்தான் நம் ஊருக்கு ஏற்றது. நடுவில் நான்கு மணி நேரம் அணைத்து, காலையும் மாலையும் பிரித்து எரிக்கும் முறையைச் சிலர் பின்பற்றுகிறார்கள். வாயு செலுத்தாத தொட்டியில் அந்த இடைவெளியில் கரியமில வாயு கொஞ்சம் மீண்டும் சேரும் என்பது உண்மைதான். ஆனால் அதனாலேயே பாசி ஒழியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்து, அந்த மேற்குச் சன்னல். என் தொட்டி ஒன்றில் பின்பக்கக் கண்ணாடியில் மட்டும், இடமிருந்து வலமாகச் சாய்ந்த ஒரு பட்டையாகப் பச்சை படிந்துகொண்டே இருந்தது. சுரண்டினால் பத்து நாளில் அதே இடத்தில், அதே சாய்வில். காரணம் புரியாமல் இருந்து, ஒரு விடுமுறை நாளில் வீட்டிலிருந்தபோதுதான் கண்டேன்: மாலை நாலரை மணிக்குத் திரைச்சீலை இடுக்கு வழியாக வந்த வெயில் துல்லியமாக அந்தப் பட்டையின் மீது விழுந்தது, இருபது நிமிடம் இருந்து போய்விட்டது. இருபது நிமிட வெயில் ஒரு நாள் முழுவதும் எரியும் சிறு விளக்குக்கு ஈடாகும். பின்பக்கக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியதும் அந்தப் பட்டை திரும்ப வரவில்லை. நீங்களும் சன்னல் பக்கக் கண்ணாடியை மறைத்துவிடுங்கள்.

பாசி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது ஒரே உயிர் அல்ல. உங்களிடம் மூன்று வகை இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

கண்ணாடியிலுள்ள கெட்டியான பச்சைப் புள்ளிகள் மிக எளியவை. ஒளி அதிகமாகவும் பாஸ்பேட் குறைவாகவும் உள்ள இடத்தில் வருபவை. துணியால் தேய்த்தால் போகா. சவரத் தகட்டைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்ட வேண்டும். அக்ரிலிக் தொட்டியானால் தகடு கீறிவிடும். பழைய ஏடிஎம் அட்டை போதும். மூலைகளில் சிலிக்கான் ஒட்டைத் தகடு வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பச்சை நூல்களைப் பழைய பல்துலக்கியில் நூடுல்ஸ் சுற்றுவது போலச் சுற்றி எடுங்கள். கையால் விலக்கினால் விலகும், கையை எடுத்தால் மறுபடி பரவும் குளத்துப் பாசியின் குணம் இதற்கும் உண்டு; ஆகவே எடுப்பது மட்டும் போதாது, ஒளியும் குறைய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மூன்று வாரத்தில் தளர்ந்துவிடும்.

கறுப்புத் தாடிதான் பிடிவாதக்காரன். பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் இது சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது. நம்பாவிட்டால் ஒரு குஞ்சத்தை வெட்டி, மருந்துக் கடை ஸ்பிரிட்டில் ஓரிரவு போட்டுப் பாருங்கள். சாராயத்தில் பச்சையம் கரைந்து வெளியேற, கரையாத சிவப்பு நிறமி எஞ்சிச் செம்மை வெளிப்படும். இது மெதுவாக வளரும் செடிகளின் முதிர்ந்த இலைகளிலும், வடிகட்டியின் நீர் வேகமாக மோதும் இடங்களிலும், கழிவு மிகுந்த தொட்டிகளிலும், கரியமில வாயுவின் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும் தொட்டிகளிலும் குடியேறுவதை அனுபவத்தில் காணலாம். விளக்கைக் குறைப்பது இதன் பரவலைத் தடுக்கும். ஏற்கெனவே பிடித்திருப்பதை அகற்றாது. பெரும்பகுதி மூடிய இலைகளை வேர்த்தண்டின் ஒட்டிலேயே வெட்டி எறிந்துவிடுங்கள். மனம் வராதுதான்; அனுபியாஸ் ஓர் இலை விட ஒரு மாதம்கூட எடுக்கும். ஆனால் அந்த இலை இனித் தேறாது.

மீதிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடைகளில் இங்கு வழக்கமாகக் கிடைப்பது ‘20 வால்யூம்’ என்று எழுதியது. அது 6 சதவீதம். வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லும் அளவுகள் 3 சதவீதத்துக்கானவை என்பதால், அவற்றை அப்படியே பின்பற்றினால் இரு மடங்கு ஊற்றிவிடுவீர்கள். உங்கள் தொட்டிக்கு 6 சதவீதக் கரைசல் ஒரு நாளைக்கு 6 மில்லிக்கு மேல் வேண்டாம். வடிகட்டியை நிறுத்தி, நீர் அசையாமல் நின்றதும், ஊசி நீக்கிய சிரிஞ்சின் முனையைக் குஞ்சத்துக்கு மிக அருகில் வைத்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். உடனே நுண்ணிய குமிழிகள் கிளம்பும். பத்து நிமிடம் கழித்து வடிகட்டியைப் போடுங்கள். மிச்சமிருப்பது நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். இரண்டாம், மூன்றாம் நாளில் கறுப்பு வெளுத்து ரோஜா நிறமாகும்; பிறகு வெள்ளையாகும். அந்த நிலையில் இறாலும் மீனும் அதைக் கடித்துத் தின்னத் தொடங்கும். ஒரு நாளில் ஒரு பகுதி என்று பிரித்துச் செய்யுங்கள். பாசிச்செடியான ஜாவா மாஸ் இருந்தால் அதன்மேல் படாமல் பாருங்கள். ‘திரவக் கார்பன்’ என்ற பெயரில் விற்கப்படும் குளூட்டரால்டிஹைடும் இந்தப் பாசியைக் கொல்லும்; ஆனால் அதில் உங்கள் வாலிஸ்னேரியா கரைந்து கூழாகிவிட வாய்ப்புண்டு. ஆகவே உங்களுக்கு அது வேண்டாம்.

உங்களிடம் இல்லாத மூன்றையும் அடையாளம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் பழுப்புத் தூசி போலப் படிவது டயாட்டம். துடைத்தால் போகும், தானாகவே நின்றும் விடும். நீலம் கலந்த பச்சையில் வழவழப்பான போர்வையாகப் பரவி, தூக்கினால் சேற்று நாற்றம் அடிப்பது உண்மையில் பாசியே அல்ல. சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர். நீரோட்டம் இல்லாத மூலைகளிலும் நைட்ரேட் வற்றிய தொட்டிகளிலும் அதிகம் வரும். உறிஞ்சி எடுத்துவிட்டு, மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் முழுமையாக மூடி, காற்றுக் குமிழியை மட்டும் ஓடவிட்டால் பெரும்பாலும் அடங்கும். எரித்ரோமைசின் மாத்திரையைக் கரைத்து ஊற்றும் பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. மனிதர்களுக்கான மருந்தைத் தொட்டியில் கலந்து கழிவுநீரில் விடுவதால் எதிர்ப்புத் திறனுள்ள கிருமிகளைத்தான் வளர்க்கிறோம். தண்ணீரே பச்சையானால், அதே மூன்று நாள் இருட்டோ புற ஊதா விளக்கு பொருத்திய வடிகட்டியோ போதும். மீண்டும் சொல்கிறேன், இருட்டு வைத்தியம் கறுப்புத் தாடியிடம் செல்லாது.

சத்துகளைப் பட்டினி போட்டால் பாசி சாகும் என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1990-களில் பால் சியர்ஸ், கெவின் கான்லின் ஆகிய இருவர், பாஸ்பேட்டைத் தட்டுப்பாடாக வைத்து மற்றவற்றைக் கொடுத்தால் பாசி அடங்கும் என்று முன்வைத்தார்கள். அதன் பிறகு டாம் பார் என்பவர், ஒளியும் வாயுவும் சரியாக உள்ள தொட்டியில் பாஸ்பேட்டைக் கூட்டியும் பாசி வராததைக் காட்டி, வாரா வாரம் தாராளமாக உரமிட்டுப் பாதி நீரை மாற்றும் முறையைப் பரப்பினார். என் கட்சி பிந்தையதற்கு அருகில் இருக்கிறது. ஆனால் உங்கள் தொட்டி போன்ற மிதமான ஒளியில் அவ்வளவு தாராளம் தேவையில்லை. கப்பிகளுக்குப் போடும் தீனியிலிருந்தே கணிசமான நைட்ரேட் வந்துவிடும். முதலில் ஒரு சோதனைக் குப்பி வாங்கி நைட்ரேட்டை அளந்து பாருங்கள். லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் இருந்தால் அதற்கென்று எதுவும் போட வேண்டாம். பொட்டாசியமும் இரும்பு முதலிய நுண்சத்துகளும் மட்டும் போதும். குறைவாக இருந்தால், உரக்கடையில் 13-0-45 என்று விற்கும் பொட்டாசியம் நைட்ரேட்டே நாம் தேடும் பொருள். அதில் ஒரு கிராம் உங்கள் 55 லிட்டரில் நைட்ரேட்டை லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குச் சற்று மேல் உயர்த்தும். பாஸ்பேட்டுக்கு 0-52-34, ஆனால் அது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வேண்டும் என்பதால், அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு மில்லிக் கணக்கில் ஊற்ற வேண்டும். பக்கத்து அலமாரியில் இருக்கும் 19-19-19-ஐ மட்டும் தொடாதீர்கள். அதில் யூரியாவும் அம்மோனியமும் உண்டு. மாடித் தோட்டத்துக்கு நல்லது, மீனுக்கு நஞ்சு, பாசிக்கு அமுதம்.

மீன்களை வைத்துப் பாசியை ஒழிப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடையில் ‘டேங்க் கிளீனர்’ என்று தரும் சக்கர் மீனை வாங்காதீர்கள். விரல் அளவில் வரும் அது ஓர் அடிக்கு மேல் வளரும். தின்பதைவிடக் கழிப்பது அதிகம். கறுப்புத் தாடியை ஏறெடுத்தும் பார்க்காது. வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அப்படி விடப்பட்டவை தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, வலை போடுபவர்களுக்குத் தொல்லையாகியிருக்கின்றன. கறுப்புத் தாடியைத் தின்பது சயாமீஸ் ஆல்கே ஈட்டர். அதன் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனி வரை ஓடும் என்பதை வைத்து அடையாளம் காணலாம். ஆனால் அதுவும் 15 சென்டிமீட்டர் வளரும். இரண்டடித் தொட்டி அதற்குச் சிறை. ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் தகாஷி அமானோ புகழ்பெறச் செய்த, இப்போது அவர் பெயராலேயே அழைக்கப்படும் இறால் நூல் பாசிக்கு அருமையான துணை. சென்னையின் மே மாத வெப்பம்தான் அதற்கு ஆகாது. உங்களுக்கு நான் சொல்வது மூன்று நெரைட் நத்தைகள். கண்ணாடியிலும் இலையிலும் படிவதை மேயும். நன்னீரில் அவற்றின் முட்டை பொரியாது என்பதால் பெருகாது. வெள்ளை எள்ளைப் போல முட்டைகளை மரக்கட்டையில் ஒட்டிவைக்கும், அந்த அசிங்கத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

புட்டி மருந்தைத் திறக்காமல் வைத்துவிடுங்கள். இப்படிப்பட்ட மருந்துகள் பலவற்றில் தாமிரச் சேர்மம் இருக்கும். அது நத்தையையும் இறாலையும் கொல்லும், நுண்ணிய இலைச் செடிகளையும் வாட்டும். பாசி ஒரே நாளில் செத்து அழுகினால் நீரில் ஆக்சிஜன் இறங்கி, விடியற்காலையில் கப்பிகள் மேற்பரப்பில் தவிக்கும். வந்த காரணம் அப்படியே இருப்பதால் மூன்று வாரத்தில் பாசியும் திரும்ப வரும்.

அதற்குப் பதிலாகச் செலவிட வேண்டியது செடியின் மேல். உங்கள் தொட்டியில் செடி போதாது, உள்ளவையும் சோம்பேறிகள். வேகமாக வளர்ந்து அம்மோனியாவை முந்திக்கொண்டு உறிஞ்சும் செடி தரையில் பாதியையாவது மூட வேண்டும். ஹைக்ரோஃபிலா, வேலம்பாசி, நீர்ப்பிரமி என்று நம் மண்ணின் செடிகளே மலிவாகக் கிடைக்கின்றன. கொளத்தூர்க் கடைகளில் கட்டு கட்டாக விற்பார்கள். கட்டிய ஈய வளையத்தைக் கழற்றி, தண்டுகளைத் தனித்தனியாக விரல் இடைவெளியில் நடுங்கள். கட்டாக நட்டால் நடுவில் உள்ளவை அழுகிவிடும். கூடவே மேற்பரப்பில் கைப்பிடி சால்வினியாவை மிதக்கவிட்டால், அது காற்றிலிருந்தே கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு நீரிலிருந்து சத்தை உறிஞ்சும், விளக்கையும் மட்டுப்படுத்தும். பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்போதெல்லாம் அள்ளி எடுத்து உரக்குழியில் போடுங்கள், கால்வாயில் அல்ல.

வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். குழாய்நீரானால் குளோரின் நீக்கிச் சேருங்கள். கோடையில் ஆவியாகும் நீரை ஈடுகட்ட ஆழ்துளை நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் ஆவியாவது நீர் மட்டும்தான். அந்த ஈட்டுக்கு மட்டும் ஆர்ஓ நீர் பயன்படுத்தலாம். மேல் கண்ணாடியில் படியும் வெள்ளை உப்பை எலுமிச்சைச் சாற்றால் துடையுங்கள். அதைச் செய்த அன்று விளக்கு திடீரென்று கூடியது போலாகும் என்பதால், விளக்கைச் சரிசெய்வதற்கு முன்பே துடைத்துவிடுவது நல்லது. தொட்டி 31 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் ஒரு சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

ரோட்டாலாவின் சிவப்பு கட்டாயம் வேண்டும் என்றால், வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் சிலிண்டர், வால்வு, நீரில் வாயுவை நுண்குமிழியாக்கும் டிஃப்யூசர், அது ஒரு மாதம் நிலையாக ஓடிய பிறகு, உங்களிடம் இப்போதே இருக்கும் அந்த 24 வாட் விளக்கு. வாயு, விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொடங்க வேண்டும். விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிற்கலாம். அது வேண்டாம் என்றால் ரோட்டாலாவை யாருக்காவது கொடுத்துவிட்டு அந்த இடத்தில் ஹைக்ரோஃபிலாவை நடுங்கள்.

இவற்றைச் செய்த பிறகு ஆறு வாரம் வேறு எதையும் மாற்றாமல் இருங்கள். வாரம் ஒரு முறை, ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் பிடிபடாது. அந்த நேரத்தில் விட்ட புதிய இலைகள் சுத்தமாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். பழைய இலைகளை வைத்து முடிவு கட்ட வேண்டாம். புதிய இலை சுத்தமாக இருந்து, செடி நெட்டையாக, கணுவுக்குக் கணு இடைவெளி கூடி வளர்ந்தால் ஒளி போதவில்லை என்று பொருள். அப்போது அரை மணி நேரம் கூட்டி, அடுத்த இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டிய தேவை இந்தச் செடிகளுக்கு வராது.